அப்பத்தா கொட்டானில் இருந்த மாத்திரை

கேள்வி: டாக்டர் அம்மா, படைப்புக்காக எல்லோரும் ஊருக்கு வந்திருந்தபோது, என் இரண்டு வயது மகன் அவன் அப்பத்தா சர்க்கரை மாத்திரை வைத்திருந்த கொட்டானைக் கவிழ்த்து ஒன்றை வாயில் போட்டுவிட்டான். மாமியார் சொன்னபடி உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்துத்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே அதற்குத் திட்டு விழுந்தது. வயிற்றையும் கழுவவில்லை, பையன் நன்றாக விளையாடியும் ஒரு நாள் முழுக்க வீட்டுக்கு அனுப்பவில்லை. இப்போது ஆராய்ச்சிக்கு என்று அவன் விவரம் கேட்டுக் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?
- ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: பையன் நலமாக இருக்கிறான் என்று படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. சர்க்கரை மாத்திரை என்று எழுதியிருக்கிறீர்களே தவிர எந்த மாத்திரை என்று எழுதவில்லை, உங்களுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். வயதானவர்கள் அட்டையைக் கத்தரித்து ஒவ்வொன்றாகக் கொட்டானில் போட்டு வைப்பார்கள், பெயர் இருக்கும் பகுதி குப்பைக்குப் போய்விடும். மெட்ஃபார்மின் ஒன்று என்றால் இவ்வளவு பயம் இல்லை. கிளிமிபிரைடு, கிளைபென்கிளமைடு வகை என்றால் இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒன்றே போதும், ரத்தச் சர்க்கரை அடியோடு இறங்கிவிடும். அதுவும் உடனே இறங்காது, பல மணி நேரம் கழித்து, பிள்ளை தூங்கும்போதுகூட இறங்கலாம். பெயர் தெரியாததால்தான் அவன் விளையாடிக்கொண்டிருந்தும் விரலைக் குத்திக் குத்திப் பார்த்திருக்கிறார்கள். அடுத்த தடவை (வரவே வேண்டாம்) அட்டை, பாட்டில், மிச்ச மாத்திரை எது கிடைத்தாலும் கையோடு எடுத்துப் போங்கள்.

உப்புத் தண்ணீர் விஷயத்தில் மாமியாரைக் குறை சொல்ல வேண்டாம், நம் பக்கம் எல்லா வீட்டிலும் சொல்வது அதுதான். ஆனால் அந்த உப்பே ரத்தத்தில் ஏறி வலிப்பு வந்து குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். மண்ணெண்ணெய் குடித்த பிள்ளையை வாந்தி எடுக்க வைத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும், கக்கூஸ் கழுவும் ஆசிட் என்றால் போன வழியெல்லாம் இரண்டாம் தடவையும் புண்ணாகும். எதுவும் கொடுக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள், டெல்லி எய்ம்ஸில் உள்ள தேசிய விஷத் தகவல் மையத்தின் 1800 116 117 என்ற எண்ணையும் செல்போனில் போட்டு வையுங்கள்.

வயிறு கழுவாததும் கவனக்குறைவு இல்லை. ஒரு காலத்தில் விஷம் என்று வந்தாலே குழாயை இறக்கிவிடுவார்கள். அவசரப் பிரிவுகளில் சேர்ந்த அனுபவத்தையும் ஆய்வுகளையும் அலசிப் பார்த்து, 1997-லேயே அமெரிக்க, ஐரோப்பிய நச்சியல் சங்கங்கள் இதை வழக்கமாகச் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டன. நம் பக்கத்து இலங்கையிலேயே ஒரு பெரிய ஆய்வு நடந்தது. விஷம் சாப்பிட்டு வந்த 4,600-க்கும் மேற்பட்டவர்களில் சிலருக்கு, வயிற்றில் உள்ள விஷத்தை உறிஞ்சிக்கொள்வதற்காகக் கொடுக்கும் மருத்துவக் கரித்தூளை ஒரு தடவை, சிலருக்குப் பல தடவை கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவே இல்லை. இறப்பில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்று 2008-ல் முடிவு வந்தது. எத்தனையோ வருஷம் நம்பிச் செய்த வைத்தியம் அது! கணக்கெடுக்காமல் இருந்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

அதனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் கையெழுத்துப் போடுவேன். பையன் பெயரை வெளியிட மாட்டார்கள்தானே, ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்த ஆய்வுதானே என்று தாராளமாகக் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. போட மனமில்லை என்றால் விட்டுவிடலாம், அதற்காக வைத்தியத்தில் எதையும் குறைக்கக் கூடாது. போட்டீர்கள் என்றால், வீட்டில் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்கும்போது, மாமியாருக்குச் சங்கடமாக இருக்குமே என்று உப்புத் தண்ணீரை மறைக்காமல், எத்தனை தம்ளர் என்பது வரை சொல்லிவிடுங்கள்.