பரிவட்டம் வேறு, சாவி வேறு: கூட்டாக நடத்தும் இணையதளம் பற்றிக் கேள்வி பதில்

வேர்ட்பிரஸ் என்ற இணையதள மென்பொருளில் நாலு பேர் சேர்ந்து தளம் நடத்துகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்குக் கும்பகோணத்தில் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். திரையில் அட்மினிஸ்ட்ரேட்டர், எடிட்டர், ஆத்தர், கான்ட்ரிபியூட்டர், சப்ஸ்கிரைபர் என்று தெரியும் பொறுப்புகளை முறையே நிர்வாகி, பதிப்பாசிரியர், எழுத்தாளர், பங்களிப்பாளர், உறுப்பினர் என்று குறிப்பிடுகிறேன்.

மன்னார்குடி, பள்ளி ஆசிரியை: பழைய மாணவர் சங்கத் தளத்துக்குள் ஏழு பேரும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் போட்டு நுழைகிறோம். வாட்ஸ்அப் குழுவில் அதை மேலே நிறுத்தி வைத்திருக்கிறோம். வசதியாகத்தான் இருக்கிறது. மாற்றத்தான் வேண்டுமா, ஐயா?

இன்றைக்கே மாற்றுங்கள், அம்மா. குழுவை விட்டுப் போனவர் கைபேசியிலும் அந்தச் செய்தி அப்படியே கிடக்கும். திருட்டுப் பயத்தை விடுங்கள். எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது வேறொன்று. ஒரு பதிவை யார், எப்போது, எந்த வரியில் திருத்தினார் என்று வேர்ட்பிரஸ் குறித்து வைக்கிறது. ஏழு பேரும் ஒரே பெயரில் வந்தால் அந்தக் குறிப்பில் ஒரே பெயர்தான் இருக்கும். வருகைப் பதிவேட்டில் வகுப்பு முழுவதற்கும் ஒரே பெயரை எழுதி வைத்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏழு பேருக்கு ஏழு கணக்கு திறந்து கொடுங்கள். ஒரு மின்னஞ்சல் முகவரிக்கு ஒரு கணக்குதான் கிடைக்கும் என்பதால், ஆளுக்கொரு முகவரி வாங்கிக்கொண்டு ஆரம்பியுங்கள்.

திருத்துறைப்பூண்டி, விவசாயி: பாரம்பரிய நெல் ரகங்களுக்காகத் தளம் நடத்துகிறோம். பதினொரு பேர், பதினொருவரும் நிர்வாகிகள். மாப்பிள்ளைச் சம்பாவின் வயது 160 நாள் என்று நான் போட்டிருந்ததை யாரோ 120 ஆக்கிவிட்டார்கள். போன வாரம் ஒரு ராத்திரியில் தளத்தின் முகப்பே மாறிப்போனது. யாருக்கு என்ன பொறுப்பு கொடுப்பது?

நெல் வயது சின்ன விஷயம். அந்தப் பக்கத்தின் திருத்த வரலாற்றைத் திறந்து பழைய வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் 160 திரும்பிவிடும். மாற்றியவர் பெயரும் அங்கேயே இருக்கும். முகப்பு அப்படியல்ல. தளத்தின் தோற்றத்தைத் தரும் வார்ப்புருவை மாற்றுவது, கூடுதல் வசதிகளுக்கான செருகுநிரல் ஏற்றுவது, ஆள் சேர்ப்பது, ஆளை நீக்குவது எல்லாம் நிர்வாகி கையில் உள்ளவை. ஒரு நிர்வாகி இன்னொரு நிர்வாகியை இறக்கிவிடலாம், நீக்கிவிடலாம். உங்கள் தளத்தில் பத்துப் பேருக்கு உங்களையே வெளியேற்றும் அதிகாரம் இருக்கிறது.

கல்லணைக்கு வரும் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. எதில் எத்தனை கன அடி என்பதை முடிவு செய்பவர் ஒருவர். ஷட்டரை ஏற்றி இறக்கும் லஸ்கர் இன்னொருவர். கடைமடையில் வரப்பை வெட்டி மடை திறக்கும் நீங்கள் மூன்றாமவர். உங்கள் வயலுக்குத் தண்ணீர் பாய, ஷட்டர் சாவி உங்கள் இடுப்பில் இருக்க வேண்டியதில்லை.

நிர்வாகிகள் இரண்டு பேர் போதும். ஒருவர் மட்டும் இருந்தால் அவர் கைபேசி ஆற்றில் விழுந்த அன்று தளமும் விழும். மூன்றாவது நிர்வாகிக்கு நான் இதுவரை ஒரு நல்ல காரணம் கேட்டதில்லை. எல்லார் பதிவையும் திருத்தவும் வெளியிடவும், பதிவுகளின் வரிசையில் சேராமல் தனியாக நிற்கும் நிலையான பக்கங்களை மாற்றவும் இரண்டு மூன்று பதிப்பாசிரியர்கள் இருக்கட்டும். தன் பதிவைத் தானே வெளியிடும் அளவுக்கு நம்பிக்கையானவர்கள் எழுத்தாளர்கள். மற்றவர்கள் பங்களிப்பாளர்கள்: எழுதி அனுப்புவார்கள், வெளியிடுவது பதிப்பாசிரியர் வேலை. ரகங்களின் விவரம் பதிவுகளாக இல்லாமல் நிலையான பக்கங்களாக இருந்தால் இன்னும் நல்லது. எழுத்தாளரோ பங்களிப்பாளரோ அவற்றில் கை வைக்க முடியாது.

பாபநாசம், வாசகர் வட்டச் செயலாளர்: எங்கள் தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வயது 74. தளத்துக்குள் ஒரு நாளும் நுழைந்ததில்லை. ஆனால் நிர்வாகி பொறுப்பு தமக்கு வேண்டும் என்கிறார். குறைத்துக் கொடுத்தால் வருத்தப்படுவார். என்ன செய்வது, அண்ணா?

வந்த கேள்விகளில் பாதி, சுற்றி வளைத்து, இதுதான். கடவுச்சொல்லைப் பூட்டிவிடலாம், மனத்தாங்கலுக்கு எந்தச் செருகுநிரலும் இல்லை.

கோயிலில் பெரியவருக்குப் பரிவட்டம் கட்டுகிறோம், முதல் மரியாதை செய்கிறோம். அதற்காக உண்டியல் சாவியை அவர் கையில் கொடுப்பதில்லை. அவரும் கேட்பதில்லை, அது வேறு வேலை என்று அவருக்குத் தெரியும். தளத்தில் மட்டும் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுகிறோம், காரணம் அந்தச் சொல். 'நிர்வாகி' என்றால் காதில் பதவியாக விழுகிறது. பழைய வேர்ட்பிரஸில் பெயர்கள் இல்லை, 0 முதல் 10 வரை எண்தான். 2005 இறுதியில் வந்த 2.0 பதிப்பில்தான் இந்தப் பெயர்கள் வந்தன. எண்ணாகவே இருந்திருந்தால் உங்கள் தலைவர் 10 கேட்டிருப்பார், அவ்வளவுதான்.

நான் ஓரிடத்தில் செய்ததைச் சொல்கிறேன். யூசர் ரோல் எடிட்டர் என்ற செருகுநிரலைக் கொண்டு புதிய பொறுப்புகளை நாமே உருவாக்கலாம். பதிப்பாசிரியரின் உரிமைகளை அப்படியே நகலெடுத்து அதற்குத் 'தலைவர்' என்று பெயர் வைத்தேன். பெரியவரை அழைத்துத் திரையைக் காட்டினேன். நிர்வாகி என்று இரண்டு பேர், தலைவர் என்று ஒரே ஒருவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "யார் கட்டுரையில் வேண்டுமானாலும் பிழை திருத்தலாமா?" என்று கேட்டார். திருத்தலாம் என்றேன். மிகவும் மகிழ்ந்துபோனார். அதன் பிறகும் அவர் உள்ளே நுழையவில்லை என்பது வேறு கதை.

உங்கள் தலைவர் தலைமையாசிரியராக இருந்தவர் என்பதால் உண்மையிலேயே நுழைந்துவிடும் அபாயம் உண்டு. சிவப்பு மைக்குத் தயாராக இருங்கள்.

மயிலாடுதுறை, கல்லூரி மாணவர்: துறை இதழின் தளத்தில் நான் பங்களிப்பாளர். கட்டுரை எழுத முடிகிறது, படம் ஏற்ற முடியவில்லை. வெளியான பிறகு என் கட்டுரையிலேயே ஓர் எழுத்துப் பிழையைத் திருத்த முடியவில்லை. தளத்தில் கோளாறா?

கோளாறு இல்லை தம்பி, அந்தப் பொறுப்பின் அளவே அவ்வளவுதான். பங்களிப்பாளருக்குக் கோப்பு ஏற்றும் உரிமை கிடையாது. கட்டுரை வெளியானதும் அது உங்கள் கையை விட்டும் போய்விடும். உங்களை எழுத்தாளராக உயர்த்தினால் இரண்டும் தீரும். ஆனால் அதன்பின் யாரும் பார்க்காமலே நீங்கள் வெளியிடலாம், வெளியானதை நள்ளிரவில் மாற்றவும் செய்யலாம். பேராசிரியர் அதற்குச் சம்மதிப்பாரா? மேலே சொன்ன செருகுநிரலில் பங்களிப்பாளருக்குக் கோப்பு ஏற்றும் உரிமையை மட்டும் தனியாகச் சேர்க்க முடியும். அதைக் கேட்டுப் பாருங்கள். எழுத்துப் பிழைக்குப் பதிப்பாசிரியரிடம்தான் போக வேண்டும், அதில் தவறில்லை.

திருவையாறு, இசை ஆர்வலர்: தியாகராஜர் ஆராதனை நடக்கும் ஐந்து நாளும் நான்கு புகைப்படக்காரர்கள் உடனுக்குடன் படம் போட வேண்டும்.

எழுத்தாளர் பொறுப்பு கொடுங்கள். ஆறாம் நாள் காலையில் அதைத் திரும்ப வாங்க வேண்டியவர் யார் என்று இப்போதே பெயர் குறித்துக்கொள்ளுங்கள். பந்தல் பிரிக்க ஆள் சொல்லி வைப்பது போலத்தான்.

நாகப்பட்டினம், மீனவர் நலக் குழு: மூன்று ஆண்டுகள் எழுதிய ஒருவர் விலகிவிட்டார். அவர் கணக்கை நீக்கிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். இதில் நான் சூடுபட்டவன். கணக்கை நீக்கும்போது ஒரு கேள்வி வரும்: இவருடைய உள்ளடக்கம் முழுவதையும் நீக்குவதா, வேறொருவர் பெயருக்கு மாற்றுவதா? ஒருநாள் மதியம், சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறார்கள் என்ற அவசரத்தில், முதலாவதைத் தேர்ந்தெடுத்து அழுத்திவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் கோயில் கட்டுரைகள் அத்தனையும் காணவில்லை. கட்டுரைகள் குப்பைத்தொட்டிக்குத்தான் போயிருந்தன. அங்கே 30 நாள் இருக்கும் என்பதால் மீட்டேன். எழுதியவர் பெயரில்லாமல், வரைவுகளாகத் திரும்பின. அவர் ஏற்றிய படங்கள் குப்பைத்தொட்டிக்குப் போவதில்லை, நேரே அழிந்துவிடுகின்றன. கட்டுரைகளில் படம் இருந்த இடமெல்லாம் வெறும் கட்டம். காப்புப் பிரதி வைத்திருக்கவில்லை. அவர் வீட்டுக்கே போய்ப் பழைய கணினியிலிருந்து கிடைத்ததை வாங்கி வந்தேன். காபி கொடுத்து உபசரித்தார், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஆகவே நீக்காதீர்கள். அவர் பொறுப்பை 'இந்தத் தளத்தில் பொறுப்பு இல்லை' என்ற நிலைக்கு மாற்றுங்கள். பதிவுகளும் பெயரும் அப்படியே இருக்கும். கடவுச்சொல்லையும் மாற்றுங்கள், எந்தக் கருவியில் உள்ளே இருந்தாலும் வெளியே வந்துவிடுவார். அவர் கணக்குப் பக்கத்தின் கீழே 'பயன்பாட்டுக் கடவுச்சொற்கள்' என்ற பகுதி இருக்கிறதா என்றும் பாருங்கள். 2020 டிசம்பரில் வந்த 5.6 பதிப்பிலிருந்து உள்ள வசதி அது. கைபேசிச் செயலிகளுக்காகத் தரப்படும் தனிச் சாவிகள் அவை. முக்கியக் கடவுச்சொல்லை மாற்றினாலும் செல்லாமல் போகாது, தனியாகத்தான் ரத்து செய்ய வேண்டும்.

திருவாரூர்: ஒரே கட்டுரையை இரண்டு பேர் ஒரே நேரத்தில் திறந்தால்?

இன்னொருவர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று இரண்டாமவருக்கு எச்சரிக்கை வரும். மீறி அவர் பொறுப்பெடுத்துக்கொண்டால் முதலாமவர் கையிலிருந்து கட்டுரை போய்விடும். போன் செய்து கேட்டுவிடுங்கள்.

பட்டுக்கோட்டை, நூலக நண்பர்கள்: உள்ளே பொறுப்பெல்லாம் சரியாகப் பிரித்துவிட்டோம். ஆனால் தளத்தின் முகவரியைச் சிங்கப்பூரில் இருக்கும் நண்பர் தம் பெயரில் வாங்கியிருக்கிறார். அதில் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

அதைத்தான் முதலில் கவனித்திருக்க வேண்டும். நீங்கள் சாகுபடி செய்கிறீர்கள், பட்டா அவர் பெயரில் இருக்கிறது. தள முகவரியும், தளத்தின் கோப்புகள் இருக்கும் சர்வருக்கான இடவாடகைக் கணக்கும் யார் மின்னஞ்சலில் உள்ளனவோ அவர்தான் வேர்ட்பிரஸ் நிர்வாகிக்கும் மேலே. அவர் நல்லவராகவே இருக்கட்டும். புதுப்பிக்கும் நாளில் ஓ.டி.பி. அவர் கைபேசிக்குப் போகும். நீங்கள் இரவு பத்தரைக்கு நினைவு வந்து கேட்டால் அங்கே மணி ஒன்று.

சங்கத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல் தொடங்குங்கள். இரண்டு நிர்வாகிகளுக்கும் அதன் கடவுச்சொல் தெரிந்திருக்கட்டும். நான் பொதுக் கடவுச்சொல்லை ஒப்புக்கொள்ளும் ஒரே இடம் இது. நண்பர் பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது எதிரெதிரே உட்கார்ந்து, முகவரி வாங்கிய கணக்கை அந்த மின்னஞ்சலுக்கு மாற்றுங்கள். புதுப்பிக்கும் தேதியை நூலகச் சுவரில் உள்ள நாட்காட்டியில் வட்டமிடுங்கள். அவர் இதுவரை கட்டிய பணத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடுங்கள், வேண்டாம் என்றுதான் சொல்வார்.