பனியாற்றுப் பாதையில் ஒரு வாரம்: வாசகர் கேள்விகள்

சுவிட்சர்லாந்தின் வலே மாநிலத்து மலைக்குடில்களில் ஒவ்வொரு வசந்த காலமும் சமையலறைப் பொறுப்பை ஏற்பவர், குடிலுக்கு வரும் வழிகாட்டிகளோடு பனிச்சறுக்குப் பலகையில் மலையேறுபவர், வாசகர்களுக்குப் பதிலளிக்கிறார்.

அக்கா, நாங்கள் நான்கு நண்பர்கள். குல்மார்க்கில் பனிச்சறுக்குக் கற்று, அதன் பிறகும் அங்கே போய் வருகிறோம். அடுத்த ஏப்ரலில் வழிகாட்டியோடு பிரான்சின் ஷமோனியிலிருந்து சுவிட்சர்லாந்தின் செர்மாட் வரை, பனிச்சறுக்குப் பலகையில் குடில் குடிலாகப் போகும் ‘ஓட் ரூட்’ பாதையில் போக ஆசை. விடுமுறை ஒன்பது நாள். செர்மாட் சேர்ந்த மறுநாள் காலையில் ஜெனீவாவில் விமானம். திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?
— வாசகர், கோயம்புத்தூர்

தம்பி, முதலில் அந்த விமான டிக்கெட்டை மாற்றுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

வானிலை ஒத்துழைத்தால் ஷமோனியிலிருந்து செர்மாட் போக ஆறு அல்லது ஏழு நாள் ஆகும். ஏப்ரலில் வானிலை முழு வாரமும் ஒத்துழைப்பது அரிது. புயல் வரும் என்று தெரிந்தால் வழிகாட்டி ஒரு நாள் குடிலிலேயே இருக்கச் சொல்வார், அல்லது கீழே இறங்கச் சொல்வார். அப்போது மேசையைச் சுற்றி இருப்பவர்கள் முன்னறிவிப்பைப் பார்க்காமல் விமான நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், அந்த அழுத்தம் முழுவதும் அவர் தலையில் விழும். நான் சூப் பரிமாறும் மேசைகளில் இதை ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது. 2018 ஏப்ரல் 29 அன்று டிஸ் குடிலிலிருந்து புறப்பட்டு, 3,790 மீட்டர் உயர பீன்ய் தரோலா சிகரத்தின் பக்கம் போனவர்கள் புயலில் வழி தெரியாமல் திறந்த வெளியில் இரவைக் கழித்தார்கள். வின்யெட் குடில் மிக அருகில்தான் இருந்தது. ஏழு பேர் இறந்தார்கள், அவர்களில் வழிகாட்டியும் ஒருவர்.

ஆகவே திட்டம் போடும்போது வெளியேறும் வழிகளையும் சேர்த்தே போடுங்கள். டிரியான் குடிலிலிருந்து ஷாம்பேக்கு இறங்கலாம், அங்கிருந்து பஸ்ஸும் ரயிலும் உண்டு. டிஸ் குடிலிலிருந்து பா த ஷேவ்ர் கணவாயின் இரும்பு ஏணிகள் வழியாக அரோலாவுக்கு இறங்கலாம். வின்யெட் குடிலிலிருந்தும் அரோலாவுக்கு நேரடி இறக்கம் உண்டு. அங்கே மஞ்சள் தபால் பஸ் பிடித்தால் சியோன், அங்கிருந்து ரயிலில் செர்மாட். ரயிலில் போய்ச் சேர்ந்த குழுவும் நல்ல பயணம் செய்த குழுதான். கடைசி நாள் வின்யெட்டிலிருந்து மூன்று கணவாய்களைத் தாண்டி ஏறத்தாழ 30 கிலோமீட்டர், அதில் 3,568 மீட்டர் உயர வால்பெலின் கணவாயும் அடக்கம். பார்வை மறையும் நாளில் அதைத் தொடவே கூடாது.

வழிகாட்டியைத் தேடும்போது சர்வதேச மலை வழிகாட்டிகள் கூட்டமைப்பின் சின்னம் அணிந்தவரா என்று பாருங்கள். இந்தப் பாதைக்கு ஒருவருக்கு ஆறு பேர் வரை என்பது வழக்கம், நீங்கள் நால்வர் என்பது வசதியான எண்ணிக்கை. அவருடைய குடில் செலவும் பயணச் செலவும் உங்கள் கணக்கில்தான் வரும், அதை முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குடில்களில் ஏப்ரல் மாதப் படுக்கைகள் சீக்கிரம் நிரம்பிவிடும், இலையுதிர் காலத்திலேயே பேசிவிடுங்கள். பேசும்போது இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: “நான்காம் நாள் புயல் வந்தால் என்ன செய்வீர்கள்?” நல்லவர் உடனே ஊர்ப் பெயர்களையும் பஸ்ஸையும் சொல்லத் தொடங்குவார். “வராது, பார்த்துக்கொள்ளலாம்” என்பவரை விட்டுவிடுங்கள். பழைய கையேட்டை வைத்து முதல் நாளைக் கணக்கிடவும் வேண்டாம். முதல் நாள் ஏற்றத்துக்கு வழக்கமாகப் பயன்பட்ட, ஷமோனி அருகே ஆர்ஜென்டியரிலிருந்து கிராண் மொன்டேக்குப் போகும் கேபிள் காரின் நடு நிலையம் 2018 செப்டம்பரில் தீக்கிரையானது. இப்போது ஏற்றம் எங்கிருந்து என்பதை அவரிடமே கேளுங்கள்.

இனி உங்கள் கால்கள். குல்மார்க்கில் அஃபர்வத் மலைக்கு கொண்டோலா என்னும் கேபிள் கார் தூக்கிக்கொண்டு போகிறது. இங்கே பலகை பின்னால் வழுக்காதபடி அதன் அடியில் ரோமப் பட்டையை ஒட்டிக்கொண்டு, எட்டு ஒன்பது கிலோ முதுகுப்பையுடன், ஒரு நாளில் ஆயிரம் மீட்டர் வரை நீங்களே ஏற வேண்டும். பலரும் இந்த ஏற்றத்துக்குத்தான் அஞ்சுகிறார்கள். எனக்கு இறக்கம்தான் கவலை. களைத்த தொடையோடு, மேலே ஓடுபோல் உறைந்து உடையும் பனியில், பையைச் சுமந்துகொண்டு விழாமல் இறங்கத் தெரிய வேண்டும். பனிப்பிளவுகள் உள்ள இடத்தில் விழுவது, சறுக்கு மைதானத்தில் விழுவது போலல்ல. செங்குத்தான சரிவில் நின்ற இடத்திலேயே பலகையைத் திருப்பும் கிக்-டர்ன் தூக்கத்திலும் வர வேண்டும். ஷார்டொனே கணவாயின் மறுபுறம் வழிகாட்டி உங்களைக் கயிற்றில் கட்டி இறக்குவார், அங்கே நடுங்கிக்கொண்டு நேரத்தைக் கழித்தால் கீழே காத்திருக்கும் பனி இளகிவிடும்.

என் மனத்தில் பட்டதைச் சொல்கிறேன்: அடுத்த ஏப்ரலில் ஒரே குடிலில் தங்கி நாள்தோறும் ஏறி இறங்குங்கள். ஆஸ்திரியாவின் சில்வ்ரெட்டா மலைகளில் 2,165 மீட்டரில் உள்ள யாம்டால் குடில் அதற்கு அருமையான இடம். சுற்றிலும் பனியாறுகள், கனமான பை குடிலிலேயே இருக்கும், வானிலை கெட்டால் இழப்பு ஒரு நாள்தான். அங்கே வழிகாட்டி உங்களைப் பார்த்துவிட்டு “சரி” என்றால், அதற்கடுத்த ஆண்டு ஷமோனி. அப்போதும் பதினொரு நாளாவது எடுத்துக்கொள்ளுங்கள். 411 மீட்டரில் வாழ்பவர்கள் விமானத்திலிருந்து இறங்கியதும் 3,170 மீட்டரில் உள்ள டிரியான் குடிலில் உறங்கினால் தலைவலியோடுதான் விழிப்பார்கள். முதல் இரண்டு நாள் ஷமோனியில் உடம்பைப் பழக்குங்கள், கடைசி இரண்டு நாளை வானிலைக்கு விட்டுவையுங்கள். நாள் கிடைக்காவிட்டால் வெர்பியே என்ற சுவிஸ் ஊரில் தொடங்கும் குறுகிய வடிவத்தைக் கேளுங்கள்.

பயிற்சிக்கு நீங்கள் எங்கும் அலைய வேண்டாம். மருதமலைப் படிகள் ஆண்டு முழுவதும் இருக்கின்றன, பிப்ரவரியில் பாதை திறந்ததும் வெள்ளியங்கிரி இருக்கிறது. பையில் எடை வைத்து ஏறுங்கள். இறங்கும்போது அவசரப்படாமல் தொடையில் தாங்கி இறங்குங்கள்.

என் மகன் நண்பர்களோடு இதே மாதிரிப் பயணம் போகிறான். வழிகாட்டி இருப்பதால் பனிச்சரிவு பற்றிக் கவலையே வேண்டாம் என்கிறான். நம்பலாமா?
— ஒரு தாய், சூரிச்

நம்ப வேண்டாம் அம்மா. வழிகாட்டி ஆபத்தைக் குறைப்பார், இல்லாமல் ஆக்க அவரால் முடியாது.

அவர் செய்வது இதுதான். டாவோஸில் உள்ள பனி ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் மாலை ஐந்து மணிக்கு வெளியிடும் பனிச்சரிவு அறிக்கையைப் படிப்பார். ஐந்து அபாய நிலைகளில் மூன்றாவதை நடுத்தரம் என்று நினைத்து ஏமாறுபவர்கள் அதிகம், உயிரிழப்புகளில் பெரும்பங்கு இரண்டாம் மூன்றாம் நிலை நாள்களிலேயே நேர்கிறது. 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளை அவர் தனியாகக் கவனிப்பார். இரவில் உறைந்த பனி மதியத்தில் இளகும் என்பதால் இருட்டிலேயே கிளப்புவார். நாங்கள் நாலரை மணிக்குக் காலை உணவு வைப்பது அதற்காகத்தான்.

ஆனால் ஒருவர் புதைந்துவிட்டால் முதல் பத்து நிமிடத்தில் வெளியே எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள், அதன்பின் வாய்ப்பு மளமளவென்று சரிகிறது. ஹெலிகாப்டர் அதற்குள் வராது. புதைந்தது வழிகாட்டியாகவே இருந்தால்? உங்கள் மகன் தன் டிரான்சீவரால் (புதைந்தவரின் கருவி அனுப்பும் சமிக்ஞையைப் பிடிக்கும் கருவி) தேடி, துழாவுகோலால் குத்தி, மண்வாரியால் தோண்ட வேண்டும். ஆகவே அவனிடம் நீங்கள் கேட்க வேண்டியது: “இந்தக் குளிர்காலத்தில் தேடிப் பழகினாயா?” பல சறுக்கு மைதானங்களில் இதற்கென்றே பயிற்சித் திடல் உண்டு. நண்பர்கள் எல்லோரும் ஒரு சனிக்கிழமை அங்கே போய்வரட்டும்.

புயலைப் பற்றியும் பேசுங்கள். 2024 மார்ச்சில் செர்மாட்டிலிருந்து அரோலா நோக்கிப் போன ஆறு பேர் தெத் பிளாஷ் சிகரத்தின் அருகே புயலில் சிக்கினார்கள். ஐவரின் உடல்கள் கிடைத்தன, ஒருவர் அப்போதைய தேடலில் கிடைக்கவில்லை. மலையை அறிந்தவர்கள் அவர்கள். மகன் பாதியில் திரும்பி வந்தால், “ஏன் வந்தாய்?” என்று வீட்டில் யாரும் கேட்க வேண்டாம். அவனுக்குப் பிடித்ததைச் சமைத்து வையுங்கள்.

நான் சைவம். குடில்களில் பட்டினியா?
— வாசகி, சென்னை

இல்லை. முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள், எங்களுக்குச் சாமான் ஹெலிகாப்டரில் வருகிறது, கடைசி நேரத்தில் காய் வாங்க முடியாது. சூப், பாஸ்தா, பருப்பு, சீஸ் நிச்சயம் இருக்கும். பாலும் வேண்டாம் என்பவர்களுக்குத்தான் சிரமம். ஒரு சிறு பொட்டலம் பருப்புப்பொடி கொண்டுவந்தால் நானே சோற்றில் பிசைந்து தருவேன். தண்ணீர் பனியை உருக்கிக் கிடைப்பதால் குடிநீருக்குக் காசு உண்டு. மெல்லிய உறங்கு பையும், காதடைப்பானும், பிராங்க் நோட்டுகளும் எடுத்துவாருங்கள்.

விசா, காப்பீடு?
— அதே வாசகி

பிரான்ஸ், சுவிட்சர்லாந்து இரண்டுமே ஷெங்கன் நாடுகள். அதிக இரவுகள் சுவிஸ் மண்ணில் என்றால் சுவிஸ் தூதரகத்தில் விண்ணப்பியுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பல, பனியாற்றுப் பயணத்தையும் ஹெலிகாப்டர் மீட்பையும் விலக்கிவைக்கின்றன. இரண்டும் அடங்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். பாலிசி எண்ணைத் தாளில் எழுதி ஒரு பிரதியை வழிகாட்டியிடம் கொடுத்துவிடுங்கள். வலே மாநிலத்தில் மீட்புக்கு அழைக்க வேண்டிய எண் 144.