தையல்காரியின் மகன்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

உங்கள் ஸ்பெயின் பயணக் கட்டுரையில் கெட்டாரியா ஊரிலுள்ள பலென்சியாகா அருங்காட்சியகத்தைப் புகழ்ந்து எழுதியிருந்தீர்கள். நான் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். எனக்குத் தெரிந்த பலென்சியாகா, குப்பைப் பை மாதிரி ஒரு தோல் பையைச் செய்து லட்ச ரூபாய்க்கு மேல் விலை வைத்த கம்பெனி. பணக்காரப் பெண்கள் ஒருநாள் உடுத்திக் கழற்றியதையெல்லாம் கண்ணாடிக்குள் வைத்து டிக்கெட் போடுவது விளம்பரம் இல்லாமல் வேறென்ன? இங்கே நாள் முழுக்க மெஷினில் உட்காரும் பெண்களுக்கு யார் மியூசியம் வைப்பார்கள்? அடுத்த மாதம் கம்பெனி வேலையாக பார்சிலோனா போகிறேன். இரண்டு நாள் ஓய்வு இருக்கிறது. அவ்வளவு தூரம் போய்ப் பார்க்க வேண்டிய இடமா அது?

ஆர்., திருப்பூர்

அன்புள்ள ஆர்.,

உங்கள் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. பெரிய ஃபேஷன் நிறுவனங்கள் தங்களுக்குத் தாங்களே கட்டிக்கொள்ளும் காட்சிக்கூடங்கள் உண்டு. பாரிஸில் மோந்தேன் அவென்யூவை ஒட்டி 2022-இல் திறந்த டியோர் நிறுவனத்தின் காட்சிக்கூடம் அப்படிப்பட்டது. கண்கொள்ளாத அழகுதான். ஆனால் கடையும் பக்கத்திலேயே இருக்கிறது. அதை விளம்பரம் என்று நீங்கள் சொன்னால் நான் வாதாட மாட்டேன்.

கெட்டாரியா விஷயம் வேறு. அந்தக் குப்பைப் பைக்கும் அந்த நிறுவனத்தைத் தொடங்கிய உடை வடிவமைப்பாளர் கிறிஸ்டோபால் பலென்சியாகாவுக்கும் பெயரைத் தவிர உறவில்லை. அவர் 1968-இல் தன் நிறுவனத்தைத் தானே மூடினார். 1972 மார்ச்சில் இறந்தார். பின்னால் பெயர் கைமாறி, இன்று கெரிங் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அருங்காட்சியகத்தை நடத்துவது தனியாக ஓர் அறக்கட்டளை. ஊர் இருக்கும் பாஸ்க் பகுதியின் அரசும் உள்ளூர் நகராட்சியும் அதில் பங்கு வகிக்கின்றன. 2011 ஜூனில் திறந்தார்கள்.

ஆனால் நான் அந்த இடத்தைப் புகழ்ந்ததற்குக் காரணம் அதன் நிர்வாகம் அல்ல, அது நிற்கும் இடம்.

கெட்டாரியா ஒரு மீனவ ஊர். பலென்சியாகா அங்கே 1895-இல் பிறந்தார். அப்பா கடலில் பிழைத்தவர், பையன் சிறுவனாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா மார்த்தினா ஐசாகிர்ரே தையல் வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். அந்த ஊரில் கோடையைக் கழிக்கத் தன் அல்தமார் மாளிகைக்கு வரும் காசா டோரெஸ் மார்க்வெஸா என்ற பிரபு குலப் பெண்மணிக்கும் அவர்தான் தைத்துக் கொடுத்தார். அம்மாவோடு அந்த மாளிகைக்குப் போய்வந்த பையனுக்கு பாரிஸ் உடைகளைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு அங்கேதான் கிடைத்தது. அவனிடம் திறமை இருப்பதைக் கண்டு முதலில் கைகொடுத்தவரும் அந்த மார்க்வெஸாதான். பன்னிரண்டு வயதிலேயே பக்கத்து நகரமான சான் செபாஸ்டியனில் தையல் தொழிலுக்குப் போய்விட்டான். 1937-இல் பாரிஸில் ஜார்ஜ் ஐந்து அவென்யூவில் கடை திறந்தார். ஸ்பெயினில் இருந்த தன் கடைகளுக்கு 'ஐசா' என்று பெயர் வைத்திருந்தார். அது அம்மாவின் குடும்பப் பெயரைச் சுருக்கியது.

இன்று அருங்காட்சியகம் இருப்பது அதே அல்தமார் மாளிகையிலும் அதை ஒட்டி எழுப்பிய புதுக் கட்டடத்திலும். தையல்காரி அளவெடுக்க வந்துபோன வீடு, அவள் மகனின் வேலையைப் பாதுகாக்கும் வீடாகிவிட்டது. 1960-இல் பெல்ஜிய அரசரை மணந்த ஃபபியோலா அந்த மார்க்வெஸாவின் வழி வந்தவர். அவருடைய கல்யாண உடையைத் தைத்தவர் பலென்சியாகா. அரசி அதைப் பிற்காலத்தில் அறக்கட்டளைக்கே கொடுத்துவிட்டார்.

சரி, பணக்காரர் உடைதானே என்பீர்கள். ஆமாம். சர்வாதிகாரி பிராங்கோவின் மனைவிக்கும் அவர் தைத்தார். அதை மறைத்துப் பேசக்கூடாது. ஆனால் அந்த உடைகளில் பணம் மட்டும் வாடிக்கையாளருடையது. அறிவு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்.

கை ஏற்றுவதை, அதாவது உடையோடு கைப்பகுதியைச் சேர்த்துத் தைப்பதை, எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தொழிலில் அது எவ்வளவு தொல்லை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கைக்குழி கொஞ்சம் பிசகினால் கையைத் தூக்கும்போது உடை முழுவதும் மேலே வரும். பலென்சியாகாவுக்கு வாழ்நாள் முழுக்க அதே கவலை. தைத்து முடித்த கையை, சரியில்லை என்று தோன்றினால் பிரித்துப் போட்டுவிட்டு மறுபடி ஏற்றுவார். 1961 வாக்கில் ஒரு கோட் வெட்டினார். உடலும் கையும் ஒரே துணி, மொத்தத்துக்கும் ஒரே தையல், மிச்ச வடிவம் முழுக்க டாட் பிடித்து, அதாவது துணியைக் கூம்பாக மடித்துத் தைத்து, வந்தது. பேட்டர்ன் மாஸ்டர் ஒருவரிடம் அதன் படத்தைக் காட்டுங்கள். துணியை மேஜையில் விரித்து அரைமணி நேரம் யோசிப்பார்.

துணிக்கும் இப்படித்தான். 1958-இல் சூரிச்சின் ஆபிரகாம் நிறுவனத்தோடு சேர்ந்து கசார் என்ற விறைப்பான பட்டுத் துணியை உருவாக்க வைத்தார். எடை குறைவு, ஆனால் மடித்த இடத்தில் மடிப்பு நிற்கும். அதனால்தான் அவருடைய அறுபதுகளின் உடைகள் உடம்பைத் தொடாமல் விலகி நிற்கின்றன. அதற்கு முன் வந்தவற்றில் சிலவற்றில் உள்வேலை பயங்கரம். லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 2017-இல் அவருடைய உடைகளை எக்ஸ்ரே எடுத்துக் காட்டியது. வெளியே காற்றில் மிதப்பதுபோல் தெரியும் உடைக்குள் கம்பிகள், வளையங்கள், பாவாடை சரியான இடத்தில் விழுவதற்கென்றே வைத்த சின்னச் சின்ன எடைகள்.

இதையெல்லாம் அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை. பேட்டி கொடுப்பதை அறவே வெறுத்தார், கடைசிக் காலத்தில்தான் வாய் திறந்தார். தானே வரைந்து, வெட்டி, சேர்த்து, தைக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்று பாரிஸின் இன்னொரு பெரிய வடிவமைப்பாளரான கோகோ ஷனேலே சொன்னதாகச் சொல்வார்கள். அப்படிப்பட்ட ஒருவர் விட்டுச்சென்றது துணியை மட்டும்தான். அந்தத் துணி அழிந்தால் அவருக்குத் தெரிந்ததும் அழியும். பின்னாளில் பாரிஸ் வடிவமைப்பாளர் ஜிவான்ஷி தன் குருவான பலென்சியாகாவுக்காக அந்த அறக்கட்டளையில் நின்றதற்கு அர்த்தம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அங்கே விளக்கு மங்கலாக இருப்பதைப் பார்த்து எரிச்சல் படாதீர்கள். சாயம் நிற்குமா என்று பார்க்கும் கலர் ஃபாஸ்ட்னஸ் டெஸ்டில் வெளிச்சம் சாயத்தை என்ன செய்யும் என்று நீங்கள் தினமும் பார்ப்பவர். பட்டுக்கு இன்னும் மோசம், சாயம் போவதோடு நூலே இற்றுவிடும். அதனால் பழந்துணிகளுக்கு 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் வைப்பதில்லை. ஓர் உடை சில மாதம் காட்சியில் இருந்தால் பிறகு இருட்டில் நீண்ட ஓய்வு. தோளில் தொங்கவிட்டாலும் சொந்த எடையிலேயே கிழியும் என்பதால் பலவற்றைப் பெட்டியில் படுக்க வைத்திருப்பார்கள்.

இனி உங்கள் கடினமான கேள்வி. மெஷினில் உட்காரும் பெண்களுக்கு யார் மியூசியம் வைப்பார்கள்? இந்த வகை அருங்காட்சியகங்களில் எனக்கும் பெரிய மனக்குறை இதுதான். தைத்த கைகளின் பெயர் பெயர்ப்பலகையில் அநேகமாக வருவதில்லை. பாரிஸில் ஈவ் சான் லோரான் என்ற வடிவமைப்பாளரின் அருங்காட்சியகம் மட்டும் கொஞ்சம் தேவலை. 2017-இல் அவருடைய பழைய பணிமனையிலேயே திறந்தது. ஒவ்வோர் உடைக்கும் அந்த நிறுவனம் ஒரு தாள் வைத்திருந்தது. வரைபடம், ஒட்டிய துணித் துண்டு, முதலில் உடுத்திக் காட்டிய பெண்ணின் பெயர், தைத்த பிரிவின் தலைமைத் தையற்காரர் பெயர். ஓர் உடையை எப்படித் தைப்பது என்று விவரம் எழுதும் உங்கள் டெக் பேக் போலத்தான், ஆட்களின் பெயரோடு. அங்கேயும் தலைமைக்குக் கீழே இருந்த பெண்களின் பெயர் இல்லை. எம்பிராய்டரிக்காரர்கள் இன்னும் பின்னால். பலென்சியாகாவுக்கும் சான் லோரானுக்கும் வேலை செய்த லெசாஜ் என்ற பாரிஸ் எம்பிராய்டரிக் குடும்பத்தில் ஒருவர் தொண்ணூறுகளில் சென்னைக்கு வந்து பணிமனை போட்டார். வீட்டு அலங்காரத் துணிகளுக்கு அங்கே நம் ஊர் ஆட்கள்தான் ஊசி பிடிக்கிறார்கள். அவர்கள் பெயரும் எங்காவது பதிவாக வேண்டும்.

ஆகவே திருப்பூருக்கு ஒரு அருங்காட்சியகம் வேண்டும் என்பது என் விருப்பமும்கூட. அதைக் கேட்பதற்கு கெட்டாரியாவை மூட வேண்டியதில்லை. எப்படிச் செய்வது என்று அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். சீசன் முடிந்த சாம்பிள்கள் உங்கள் நிறுவனத்தில் என்ன ஆகின்றன? கிலோ கணக்கில் போய்விடுகின்றன என்றால், ஒவ்வொரு ஆர்டரிலும் ஒன்றை எடுத்து, தைத்தவர் பெயரை எழுதி வைக்கச் சொல்லி நிர்வாகத்திடம் கேளுங்கள். ஒரு அலமாரி போதும்.

பயணம் பற்றி. பார்சிலோனாவிலிருந்து சான் செபாஸ்டியனுக்கு ரயிலில் ஏறக்குறைய ஆறு மணி நேரம். அங்கிருந்து கெட்டாரியா 25 கிலோமீட்டர் போல, பஸ் இருக்கிறது. இரண்டு நாள் என்றால் இறுக்கமாகத்தான் இருக்கும், ஆனாலும் போங்கள். உடைகளை அவ்வப்போது மாற்றுவதால் எது காட்சியில் இருக்கிறது என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள், சுற்றிப் பின்னால் போய் நில்லுங்கள். காலர் கழுத்தை ஒட்டாமல் பின்னால் விலகி நிற்கும். கை மணிக்கட்டுக்கு மேலேயே முடிந்துவிடும். அந்தக் காலரை எங்கே வெட்டி அப்படி நிறுத்தினார் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. உங்களால் முடியும் என்று நினைக்கிறேன். திரும்பி வந்ததும் எழுதுங்கள்.

அன்புடன்