வளைந்த துண்டுகளை இணைத்தால் சுருக்கம் விழுகிறது, எனக்குக் கை வராதா?

கேள்வி இதுதான்: “ஆறு மாதமாகக் குயில்ட் (துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் போர்வை) தைக்கப் பழகுகிறேன். சதுரம், முக்கோணம் எல்லாம் சரியாக வருகின்றன. கால் வட்டத் துண்டை இன்னொரு துண்டோடு இணைத்தால் மட்டும் சுருக்கம் விழுகிறது. கடைசியில் ஓரமும் சேர்வதில்லை. மிஷினில் கோளாறா, இல்லை எனக்குக் கை வராதா?”

மிஷினை முதலில் விட்டுவிடலாம். அதில் கோளாறு இருந்தால் சதுரத்திலேயே காட்டிக் கொடுத்திருக்கும். ‘கை வராது’ என்பதையும் விட்டுவிடுங்கள். அந்த வார்த்தையைப் பார்த்ததால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

நான் மதுரையில் வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறவள். அப்பா புது மண்டபத்தில் தைத்தவர். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய கல்மண்டபத்தில், சிற்பத் தூண்களுக்கு நடுவே முன்பு வரிசையாக மிஷின் போட்டு உட்கார்ந்திருந்தார்களே, அவர்களில் ஒருவர். சித்திரைத் திருவிழா நெருங்கினால் அழகர் வேடம் போடுகிறவர்களுக்கான உடுப்பு தைத்துத் தைத்து ராத்திரி வீட்டுக்கே வரமாட்டார். இதைச் சொல்லக் காரணம் உண்டு. இந்த வளைவு விஷயத்தில் எனக்குக் கண் திறந்தது அவரால்தான்.

2019ல் என் தங்கை நியூ ஜெர்சியில் முழுகாமல் இருந்தாள். குழந்தைக்கு ஒரு குயில்ட் வேண்டும், அக்கா கையால் வேண்டும் என்று கேட்டு ஒரு படம் அனுப்பினாள். நீங்கள் தைக்கிற அதே கட்டம்தான் என்று நினைக்கிறேன். ஒரு கால் வட்டத் துண்டு, ஒரு மூலையில் கடித்தெடுத்த ரொட்டித் துண்டு மாதிரி இன்னொன்று. இரண்டையும் சேர்த்தால் ஒரு சதுரம். இதைக் கோணல்மாணலாக அடுக்கினால் தள்ளாடி நடந்த தடம் போல ஒரு வரிசை வரும். அதனால் அமெரிக்காவில் இதற்கு ‘டிரங்கர்ட்ஸ் பாத்’, அதாவது குடிகாரன் பாதை என்று பெயர். நான்கு கால் வட்டங்களை உள்பக்கமாகத் திருப்பி வைத்தால் முழு வட்டம். தங்கை கேட்டது முழு வட்டம். 6 இஞ்ச் கட்டங்கள் 36, அதில் 9 நிலா.

அப்போதே பதினெட்டு வருடமாக பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தேன். கிராஸ் கட், பிரின்சஸ் கட், கட்டோரி எல்லாம் கைப்பழக்கம். வளைவு எனக்குப் புதிதல்ல. நல்ல சிவப்பிலும் மாம்பழ மஞ்சளிலும் சுங்குடி வாங்கினேன். பின்னணிக்கு வெள்ளைப் பாப்ளின். முதல் 16 கட்டங்களும் வீணாயின. ஒன்றுகூடத் தட்டையாக உட்காரவில்லை. நடுவில் கிண்ணம் போலக் குழிந்தது, வளைவில் நான்கைந்து சுருக்கம். பிரித்துத் தைத்தேன். மறுபடி பிரித்தேன். இரண்டாம் முறை பிரித்ததும் சுங்குடி ஓரம் இழை இழையாக வந்துவிட்டது.

தவறு எங்கே என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்களும் அங்கேதான் நிற்கிறீர்கள் என்று தோன்றுகிறது. ஜாக்கெட் தைத்துவிட்டு இதற்கு வந்தவராக இருந்தால் கட்டாயம் அங்கேதான் நிற்பீர்கள்.

பிளவுஸுக்குத் தையல் கோட்டுக்கு வெளியே அரை இஞ்சாவது துணி விடுவோம், நாளைக்குப் பிரித்துப் பெரிதாக்க வேண்டுமே. அந்தப் பழக்கத்தில் இதற்கும் அரை இஞ்ச் விட்டு வெட்டினேன். குயில்ட்டில் விடுவது கால் இஞ்ச். சும்மா வந்த வழக்கம் இல்லை அது. வளைவில் அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது.

தையல் ஓடும் வளைவின் ஆரம் 4 இஞ்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். தையல் கோட்டின் நீளம் 6.28 இஞ்ச். இரண்டு துண்டிலும் அதே 6.28தான். ஆனால் நாம் வெட்டுவது கோட்டில் இல்லை, கோட்டுக்கு வெளியே. கால் வட்டத் துண்டில் கால் இஞ்ச் கூடுதல் வெளிப்பக்கம் போகிறது, ஆரம் 4.25 ஆகிறது, ஓரத்தின் நீளம் ஏறத்தாழ 6.7 இஞ்ச். கடித்த ரொட்டி மாதிரி இருக்கும் உள்வளைவுத் துண்டில் கூடுதல் உள்பக்கம் போகிறது, ஆரம் 3.75, ஓரம் 5.9 இஞ்ச்தான். ஆக நீங்கள் கையில் பிடித்திருக்கும் இரண்டு ஓரங்களுக்கும் முக்கால் இஞ்சுக்கு மேல் வித்தியாசம். அவை ஒன்றோடொன்று சேராது. சேரவும் கூடாது. சேர வேண்டியது ஓரத்திலிருந்து கால் இஞ்ச் உள்ளே இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத கோடு. என்னைப் போல அரை இஞ்ச் விட்டால் அந்த வித்தியாசம் ஒன்றரை இஞ்சைத் தாண்டும். எந்தக் கையாலும் அதை அமுக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. கால் வட்டம் எவ்வளவு பெரிதானாலும் சிறிதானாலும், கால் இஞ்ச் விட்டால் இந்த வித்தியாசம் அதே 0.785 இஞ்ச்தான். பெரிய வளைவில் அது நீளமாகப் பரவி அடங்கிவிடும். 2 இஞ்ச் ஆரமுள்ள வளைவில் மூன்றரை இஞ்சுக்குள் அதே முக்கால் இஞ்ச் அடங்கியாக வேண்டும். சின்னது சுலபம் என்று நினைத்துச் சின்ன கட்டத்தில் பழகுகிறவர்கள் அழுவதற்கு இதுதான் காரணம்.

இந்தக் கணக்கை நான் போட்டது பால் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில். போட்டு முடித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பத்தாம் வகுப்பில் கணக்கில் மார்க் குறைந்தது. “உனக்குக் கணக்கு வராது, தையல் க்ரூப் எடுத்துக்க” என்று ஒரு ஆசிரியை எல்லோர் முன்னாலும் சொன்னார். தொழிற்கல்விப் பிரிவு என்றாலே படிப்பு வராதவர்கள் போய்ச் சேரும் இடம் என்று பேசிய காலம் அது. இன்றும் பெரிதாக மாறவில்லை. என் மகளின் வகுப்பிலும் அதே பேச்சு நடக்கிறது. தையல் என்பது கணக்கு இல்லாமல் வேறு என்ன? மார்புச் சுற்றளவை நாலாகப் பிரிக்கிறோம், தோள் சரிவைக் குறிக்கிறோம், தட்டைத் துணியை உடம்பின் உருண்டைக்குக் கொண்டுவருகிறோம். அந்த அம்மையாரைக் குறை சொல்லி இப்போது ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனாலும் ‘வராது’ என்று ஒரு பிள்ளையிடம் சொல்கிறவர்கள் அது எத்தனை வருடம் கூடவே வரும் என்று யோசிப்பதில்லை. நீங்கள் கேள்வியில் அதே சொல்லை உங்களைப் பற்றியே எழுதியிருப்பதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கணக்கு புரிந்து, கால் இஞ்ச் விட்டு வெட்டிய பிறகும் சுருக்கம் போகவில்லை. குறைந்தது, அவ்வளவுதான். அன்று அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கண் மங்கிவிட்டது, ஊசியில் நூல் கோக்க முடியாது. ஆனால் மிஷின் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். “எதுக்குத்தா அதப் போட்டு இழுக்குற? கை ஏத்துற மாதிரி ஏத்துறியா?” என்றார்.

அதேதான் செய்துகொண்டிருந்தேன். சட்டையிலோ பிளவுஸிலோ கையை ஏற்றும்போது கைத்துண்டின் வளைவு அக்குள் வளைவைவிடக் கொஞ்சம் நீளமாகவே இருக்கும். அந்த மிச்சத்தைச் சுருக்கம் தெரியாமல் உள்ளே வாங்கிக்கொள்வோம், தோளின் உருண்டை அதில்தான் உட்காரும். பிரின்சஸ் கட்டிலும் அப்படித்தான், உருண்டை வர வேண்டும் என்பதற்காகவே அந்த வளைவு. குயில்ட்டில் உருண்டை வரக்கூடாது. இரண்டு தையல் கோடும் ஒரே நீளம், மிச்சம் என்று எதுவும் கிடையாது. நான் கைப்பழக்கத்தில் மிச்சத்தை வாங்கிக்கொண்டே போனேன், கட்டம் கிண்ணமாகக் குழிந்தது. இத்தனை வருட அனுபவமே இங்கே எனக்கு எதிராக வேலை செய்தது. நீங்கள் புதிதாகப் பழகுகிறீர்கள் என்றால், நான் மறக்க வேண்டியிருந்தது உங்களுக்கு இல்லை.

அப்புறம் அப்பா கேட்டார், “மேல எது இருக்கு?” கால் வட்டம் மேலே இருந்தது. “நீளமான ஓரத்தக் கீழ போடு, பல்லு பார்த்துக்கிடும்” என்றார். ஊசிக்குக் கீழே துணியை நகர்த்தும் மிஷின் பல் கீழ்த்துணியை மேல்துணியைவிடக் கொஞ்சம் வேகமாக இழுக்கும், தையல்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நீளமான ஓரம் கீழே இருந்தால் பல்லே அதைச் சமன் செய்துவிடும். அதனால் உள்வளைவுத் துண்டு மேலே, கால் வட்டம் கீழே. மாற்றி வைத்துத் தைக்கிறவர்கள் உண்டு, ஒரு குண்டூசிகூடக் குத்தாமல் தைக்கிறவர்களும் உண்டு. அவர்கள் செய்வது தவறு என்று சண்டைக்கு வரவில்லை. பழகின கைக்கு எப்படி வைத்தாலும் வரும். பழகும்போது எது உதவும் என்பதைத்தான் சொல்கிறேன்.

இப்போது நான் செய்வது இப்படி. துணியை முதலில் ஒருமுறை நனைத்துக் காயப்போடுவேன், சுங்குடியாக இருந்தால் கட்டாயம், சாயம் இறங்கும். பிறகு கஞ்சி போடுவேன். வடித்த கஞ்சியே போதும், ஸ்பிரே பாட்டில் வேண்டும் என்பதில்லை. வளைவின் நடுப்பகுதி கிராஸில், அதாவது இழைக்குச் சாய்வாக விழுகிறது, அங்கே துணி ரப்பர் மாதிரி இழுபடும், கஞ்சி அதைப் பிடித்து வைக்கும். நேர் ஓரங்கள் இழையோடு ஒட்டி வருகிற மாதிரி அட்டையை வைத்து வெட்டுவேன்.

வெட்டிய இரண்டு துண்டையும் பாதியாக மடித்து நகத்தால் ஒரு கோடு போட்டு நடுவைக் குறித்துக்கொள்ளுங்கள். உள்வளைவின் ஓரத்தில் மட்டும் அரை இஞ்சுக்கு ஒன்றாகக் கத்தரி நுனியால் சின்ன வெட்டு, அதாவது நாட்ச் வெட்டுங்கள், கால் இஞ்சில் பாதி ஆழத்துக்கு மேல் போக வேண்டாம், தையலைத் தொட்டால் ஓட்டைதான். துணி நெகிழ்வாக இருந்து வளைவும் பெரிதாக இருந்தால் நாட்சே தேவைப்படாது. நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி வைத்து, நடுவோடு நடுவைச் சேர்த்து முதல் குண்டூசி. அடுத்து இரண்டு முனைகள். இங்கே கவனம் வேண்டும், முனையில் இரண்டு துண்டின் நேர் ஓரங்களும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் படிந்திருக்க வேண்டும். கடைசியில் ஓரம் சேரவில்லை என்றீர்களே, அது இங்கே நழுவுவதால் வருவது. பிறகு இடைவெளிகளில் இன்னும் நான்கு குண்டூசி.

தையலைப் பொடியாக வையுங்கள், இஞ்சுக்கு 12 அல்லது 13. மெதுவாக. நான்கைந்து தையலுக்கு ஒருமுறை ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, துணியை அமுக்கிப் பிடிக்கும் ஃபுட்டைத் தூக்கி, மேல்துணியில் சேர்ந்திருக்கும் மடிப்பை விரலால் இடதுபக்கம் ஒதுக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். முன்னால் பார்க்க வேண்டியது ஊசிக்கு எதிரே வரும் கால் இஞ்சை மட்டும்தான். முழு வளைவையும் நேராக்கிப் பிடிக்கப் பார்த்தால் இழுப்பீர்கள், இழுத்தால் போச்சு.

தைத்து முடித்ததும் அயர்ன் பாக்ஸை வைத்து வைத்து எடுங்கள், தேய்த்து ஓட்டாதீர்கள், கிராஸ் இழுபட்டுவிடும். உள்ளே இருக்கும் தையல் துணியை உள்வளைவுத் துண்டு பக்கம் சாயுங்கள். அந்தப் பக்கம் நாட்ச் விரிந்து கொடுக்கும், தட்டையாகப் படியும். மறுபக்கம் சாய்த்தால் மிச்சத் துணி நெருக்கியடித்து மேலே தடிப்பாகத் தெரியும்.

சதுரம் சரியான அளவில் அமைய ஒரு வழி இருக்கிறது. இரண்டு துண்டின் நேர் ஓரங்களிலும் கால் இஞ்ச் அதிகமாக விட்டு வெட்டித் தைத்து, இஸ்திரி போட்ட பிறகு சதுரமாக நறுக்கிக்கொள்வது. வளைவின் ஓரத்தில் மட்டும் அந்த அதிகத்தைச் சேர்க்கக் கூடாது. இதை ஏமாற்று என்று ஒருவர் என்னிடம் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அப்பா காலத்துத் தையல்காரர்களும் காலரைத் தைத்த பிறகுதான் சீராக நறுக்கினார்கள்.

தங்கையின் குயில்ட்டில் 36ம் வந்தது. சுங்குடி தீர்ந்துபோய் மறுபடி வாங்க வேண்டியிருந்ததால் இரண்டு நிலா மட்டும் கொஞ்சம் வேறு மஞ்சள். ஒரு கட்டம் அப்பா தைத்தது. குண்டூசி இல்லாமல், விரலால் தடவியே தைத்தார், கால் இஞ்ச் இம்மி பிசகவில்லை.

நீங்கள் நல்ல துணியை எடுத்து வைத்துவிட்டு, பழைய வேட்டியில் 10 இஞ்ச் கட்டமாக நான்கு தைத்துப் பாருங்கள், ஆரம் 7 இஞ்ச் இருக்கட்டும். நான்காவது தட்டையாக வந்தால் 8 இஞ்சுக்கு இறங்குங்கள். 3 இஞ்ச் கட்டத்தை இந்த வருடம் தொடவே வேண்டாம்.