காலையில் பனிமூட்டம், மாலையில் திராட்சைத் தோட்டம்: வாசகர் கேள்வி-பதில்

கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ, அதற்கு வடக்கே ஒயினுக்குப் பெயர்போன நாபா, சொனோமா பள்ளத்தாக்குகள் பற்றி இந்த முறை நிறைய கேள்விகள் வந்திருக்கின்றன, அதிலும் பெரும்பாலும் தம்பதிகளிடமிருந்து. நானும் என் கணவரும் அந்தப் பக்கம் சில வருடங்கள் குடியிருந்தோம் என்பதால் மனதார எழுதுகிறேன்.

கேள்வி (டல்லாஸிலிருந்து ஒரு வாசகர்): கல்யாணமாகி மூன்று வருடம், இருவரும் ஐ.டி. வேலை. வெள்ளி இரவு கிளம்பி ஞாயிறு இரவு திரும்ப வேண்டும். சான் பிரான்சிஸ்கோ, நாபா, யோசெமிட்டி மூன்றையும் பார்த்துவிடலாமா?

பதில்: யோசெமிட்டி தேசியப் பூங்காவைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரு வழிக்கே நாலு மணி நேரம் போகும், அதற்கென்று தனியாக மூன்று நாள் வைத்துக்கொண்டு வாருங்கள். மற்ற இரண்டும் தாராளமாக முடியும். நகரம் ஏழு மைலுக்கு ஏழு மைல்தான், நாபா அங்கிருந்து சுமார் 75 கிலோமீட்டர். சனிக்கிழமை முழுக்க நகரத்துக்கு, அன்று கார் வேண்டாம், விமான நிலையத்திலிருந்து பார்ட் ரயில் ஏறினால் நேராக நகர் நடுவே இறக்கிவிடும், அப்புறம் பஸ், கேபிள் கார் (கயிறு இழுத்துத் தெருவில் ஓடும் வண்டி), நடை. ஞாயிறு காலை எட்டு மணிக்குள் வாடகைக் காரை எடுத்துக்கொண்டு கோல்டன் கேட் பாலம் வழியாக வடக்கே போங்கள். அந்தத் திசையில் சுங்கம் கிடையாது, நகரத்துக்குள் வரும்போதுதான்.

நாபாவில் இரண்டு தோட்டத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள், அதையும் முன்பதிவு செய்துவிடுங்கள். 1990-க்குப் பிறகு தொடங்கிய ஒயின் தோட்டங்கள் சொல்லிவிட்டு வருபவர்களுக்கு மட்டுமே ருசி பார்க்கக் கொடுக்கலாம் என்பது அந்த மாவட்டத்து விதி. எங்கள் முதல் பயணத்தில் ஒரே நாளில் ஐந்து தோட்டம் போட்டுக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தே நாளைக் கழித்தோம், இருவரும் நாலு வார்த்தை நிம்மதியாகப் பேசவில்லை. அடுத்த வருடம் ஒரே ஒரு தோட்டம், ஒரு ரொட்டி, கொஞ்சம் சீஸ், ஓக் மரத்தடியில் மூன்று மணி நேரம். இன்றைக்கும் நாங்கள் பேசிக்கொள்வது அந்த மரத்தடியைப் பற்றித்தான்.

கேள்வி (மதுரையிலிருந்து ஒரு வாசகி): ஜூலையில் போகிறோம். கலிபோர்னியா வெயில் ஊர்தானே, ஸ்வெட்டர் எதற்கு என்கிறார் என் கணவர்.

பதில்: கட்டாயம் எடுத்துவையுங்கள், அவருக்கும் சேர்த்து. ஜூலை நடுவில் மதியம் ஒரு மணிக்கு அங்கே கடற்கரைப் பக்கம் 15, 16 டிகிரி இருக்கும், காற்று வேறு. மெல்லிய சட்டையோடு வந்து இறங்கி, நடுக்கம் தாங்காமல் கடைக்கு ஓடி அந்த ஊர் பெயர் அச்சிட்ட ஜெர்கின் வாங்குபவர்களை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கலாம்.

காரணம் தெரிந்தால் பயணமே வேறு மாதிரி இருக்கும், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அந்தக் கரையோரம் பசிபிக் கடலின் ஆழத்துத் தண்ணீர் மேலே வருவதால் கோடையிலும் கடல் சில்லென்று இருக்கும். கடல்மேல் வீசும் ஈரக்காற்று அதில் பட்டுக் குளிர்ந்து பனிமூட்டமாகிறது. அதே நேரம் உள்நாட்டில் மத்தியப் பள்ளத்தாக்கு 38 டிகிரியில் கொதிக்கிறது, அங்கே சூடான காற்று மேலெழ, அந்த இடத்தை நிரப்ப கடல் காற்று ஓடிவர வேண்டும். நடுவே மலைத்தொடர் மறிக்கிறது. கடலோரம் பெரிதாகத் திறந்திருக்கும் வாசல் கோல்டன் கேட் ஜலசந்திதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவைக்குக் காற்று புகுந்து வருகிறதே, ஏறக்குறைய அதே கதை. உள்ளே எவ்வளவு வெயிலோ அவ்வளவு குளிர் நகரத்தில்.

இந்தப் பனிமூட்டம் நகரத்தோடு நிற்பதில்லை என்பதுதான் விசேஷம். சான் பாப்லோ விரிகுடாவைத் தாண்டி இரவில் நாபா, சொனோமா பள்ளத்தாக்குகளுக்குள் புகுந்து, காலை பத்து பதினொரு மணிக்குத்தான் கலைகிறது. பகல் வெயிலில் பழத்தில் சர்க்கரை ஏறும், இரவுக் குளிர் புளிப்பு இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளும், இந்த இரண்டும் சேர்ந்தால்தான் நல்ல ஒயின். விரிகுடாவை ஒட்டிய கார்னரோஸில் குளிர் அதிகம், அங்கே பினோ நுவார், ஷார்டனே என்ற திராட்சை வகைகள். வடக்கே 50 கிலோமீட்டர் தள்ளி காலிஸ்டோகா போனால் நல்ல வெயில், அந்தப் பக்கம் கபர்னே சாவிஞோன் என்ற வகை. நகரத்தில் உங்களை நடுங்க வைத்த அதே காற்றைத்தான் பள்ளத்தாக்கில் கோப்பையில் ருசி பார்க்கப்போகிறீர்கள். மாதத்தை மாற்ற முடியுமென்றால் செப்டம்பர், அக்டோபர்: நகரத்தில் வெயில், பள்ளத்தாக்கில் அறுவடை.

கேள்வி (சான் ஹோசேயிலிருந்து ஒரு வாசகி): எனக்குக் குடிப்பழக்கம் இல்லை, வேண்டவும் வேண்டாம். அவருக்கு ஒருமுறை ருசி பார்க்க ஆசை. நான் அங்கே போய் என்ன செய்வது?

பதில்: உங்களைப் போன்ற ஒருவர் கூட வருவது அவருக்குக் கொடுப்பினை, ஏனென்றால் கார் ஓட்ட ஆள் வேண்டும். இரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதத்தைத் தொட்டாலே அங்கே குற்றம், நாபாவின் 29-ஆம் நெடுஞ்சாலையில் விளையாட்டே கூடாது. ருசி பார்த்துவிட்டுத் துப்புவதற்கென்றே மேஜை மேல் ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள், அதில் துப்புவது மரியாதைக் குறைவு இல்லை, தொழில் தெரிந்தவர்களே அப்படித்தான் செய்கிறார்கள். இதையும் அவரிடம் சொல்லிவையுங்கள். ருசி பார்க்க ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் கேட்பார்கள், நீங்கள் குடிக்காதபோது உங்களுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டுமா என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.

உங்களுக்கு என்ன இருக்கிறது என்றால், தோட்டம் இருக்கிறது. அறுவடைக்கு முன்னால் போனால் அனுமதி கேட்டு ஒரு பழம் வாயில் போட்டுப் பாருங்கள். நம் கம்பம் பன்னீர் திராட்சை சாறு நிறைந்து வழியும், இது அப்படி இல்லை, சுண்டைக்காய் அளவுதான், தோல் தடிப்பு, உள்ளே விதை, ஆனால் நூற்றுக்கு 24, 25 பங்கு சர்க்கரை, தித்திப்பு தொண்டையில் ஒட்டிக்கொள்ளும், விரலெல்லாம் ஊதா. பிப்ரவரியில் போனால் பழம் கிடையாது, கொடிகள் மொட்டையாக நிற்கும், ஆனால் வரிசைகளுக்கு நடுவே கடுகு பூத்துத் தரையே மஞ்சளாக இருக்கும். தாளிக்கிற கடுகை இப்படி ஒரு பள்ளத்தாக்கு முழுக்கப் பூவாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை, அரை மணி நேரம் காரை விட்டு இறங்கி நின்றேன்.

கூட்டமும் விலையும் வேண்டாமென்றால் நாபாவை விட்டு சொனோமாவுக்குப் போங்கள். ஊர் நடுவே புல்வெளிச் சதுக்கம், 1846-இல் கரடிக் கொடி ஏற்றி கலிபோர்னியாவைத் தனிக் குடியரசு என்று அறிவித்த இடம். பக்கத்திலேயே 1823-இல் ஸ்பானியப் பாதிரிமார் கட்டத் தொடங்கிய தேவாலயம். அவர் ருசி பார்த்து வரும்வரை உட்கார நிழல் உண்டு.

கேள்வி (தஞ்சாவூரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருக்கும் ஒரு வாசகர்): எனக்கு 66, மனைவிக்கு 61. நகரம் முழுக்க மேடு என்கிறார்கள். முழங்கால் தாங்குமா?

பதில்: நடந்து ஏறினால் தாங்காது, ஐயா. அதற்குத்தான் கேபிள் கார். மழையில் நனைந்த மேட்டில் குதிரைகள் சறுக்கி விழுவதைப் பார்த்த ஆண்ட்ரூ ஹாலிடி 1873-இல் ஓட்டிக்காட்டியது என்று சொல்வார்கள். வண்டியில் இன்ஜின் கிடையாது. தெருவுக்கு அடியில் இரும்புக் கயிறு மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது, நடுவில் நிற்கும் கிரிப்மேன் ஆளுயர நெம்புகோலை இழுத்தால் வண்டிக்கு அடியில் உள்ள பிடி அந்தக் கயிற்றைக் கவ்வும், பிடியை விட்டுப் பிரேக் போட்டால் வண்டி நிற்கும். வண்டி வராத நேரத்தில் தண்டவாளத்துக்கு நடுவே இருக்கும் பிளவின் பக்கம் காதைக் கொடுங்கள், உள்ளே கயிறு முணுமுணுவென்று ஓடுவது கேட்கும்.

பவல் தெருவில் வரிசை ஒரு மணி நேரம் நிற்கும், உங்கள் இருவருக்கும் அது வேண்டாம். கலிபோர்னியா தெரு வண்டியில் ஏறுங்கள், கூட்டம் குறைவு, மேடு அதே மேடுதான். மேசன் தெருவில் உள்ள கேபிள் கார் அருங்காட்சியகத்தில் அந்தக் கயிறுகளைச் சுற்றும் ராட்சதச் சக்கரங்களைப் பார்க்கலாம், கட்டணம் இல்லை. வெப்ஸ்டர் தெருவும் ஃபில்பர்ட் தெருவும் சேரும் முனையில் ராமகிருஷ்ண மடத்துத் துறவி திரிகுணாதீதானந்தர் எழுப்பிய வேதாந்தக் கோயில் இருக்கிறது, 1906-இல் திறந்தது. அந்த ஏப்ரலில் வந்த பெரிய நிலநடுக்கத்திலும் தீயிலும் ஊரின் பெரும்பகுதி அழிந்தபோது இது தப்பியது. வெளியே நின்று கோபுரங்களைப் பார்க்கவாவது அம்மாவை அழைத்துப்போங்கள்.

கேள்வி (சியாட்டிலிலிருந்து ஒரு வாசகர்): நகரத்தில் கார் நிறுத்துவது அவ்வளவு கஷ்டமா?

பதில்: இரண்டே விஷயம். சரிவில் நிறுத்தினால் முன் சக்கரத்தைத் திருப்பி வைக்க வேண்டும், இறக்கத்தில் நடைபாதை ஓரக் கல்லைப் பார்த்து, ஏற்றத்தில் தெருவைப் பார்த்து. பிரேக் விட்டுப்போனாலும் வண்டி கல்லில் முட்டி நிற்கும், செய்யாவிட்டால் அபராதம். அடுத்தது, காருக்குள் எதையும் வைக்காதீர்கள், ஒரு துணிப்பையைக்கூட. பத்து நிமிடம்தானே என்று நாங்கள் பின்சீட்டில் பையை விட்டுப்போனோம், திரும்பி வந்தபோது கண்ணாடி தூள்தூளாகக் கிடந்தது. வேறொரு வாசகரும் இதே அனுபவத்தை எழுதியிருக்கிறார், அவர் பையில் இருந்த மனைவியின் பழைய கேமரா திரும்பக் கிடைக்கவே இல்லை.

கேள்வி (கொழும்பிலிருந்து ஒரு வாசகி): பாலத்துக்கு ஏன் அந்தச் செம்மஞ்சள் நிறம்? எங்கிருந்து பார்த்தால் நல்லது?

பதில்: கட்டும்போது துருப்பிடிக்காமல் இரும்புக்குப் பூசி வந்த அடிப்பூச்சின் நிறம் கட்டடக் கலைஞர் இர்விங் மாரோவுக்குப் பிடித்துப்போய், அதையொட்டியே நிறத்தைத் தேர்ந்தெடுத்தார். கப்பல்களுக்குத் தெரிய வேண்டும் என்று கறுப்பும் மஞ்சளும் பட்டை பட்டையாக அடிக்கச் சொன்னது கடற்படை. நல்லவேளை, 1937-இல் திறந்தபோது மாரோ சொன்ன நிறமே நின்றது, பனிமூட்டத்திலும் பளிச்சென்று தெரிகிறது. தூரத்திலிருந்து படம் எடுப்பதோடு விட்டுவிடாதீர்கள். தெற்கு முனையிலிருந்து கிழக்குப் பக்கத்து நடைபாதையில் முதல் தூண் வரை இருவரும் நடந்துபோங்கள். தூணில் கை வைத்தால் லாரி போகும்போதெல்லாம் அதிர்வு உள்ளங்கையில் ஏறும், கீழே 67 மீட்டர் ஆழத்தில் கப்பல் கடந்துபோகும், சில சமயம் கப்பல் தெரியாது, பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஊதல் மட்டும் வரும்.