செடியிலிருந்து வரும் நானோ மருந்து முடியை வளர்க்குமா?

கேள்வி: வயது 27. முன்நெற்றி ஏறிக்கொண்டே போகிறது, உச்சியும் மெலிந்துவிட்டது. மதுரையில் ஒரு கிளினிக்கில் 'தாவர எக்ஸோசோம்' என்று நானோ சிகிச்சையாம், தலையில் ஊசி போடுவார்களாம். செடியிலிருந்து எடுப்பதால் பக்கவிளைவே கிடையாது என்கிறார்கள். சீட்டுப் பணம் கையில் இருக்கிறது, கட்டலாமா? அம்மா தேய்த்துவிடும் கரிசலாங்கண்ணி எண்ணெயை நிறுத்திவிடலாமா?
- வாசகர், திருமங்கலம்

பதில்: கட்டாதீர்கள் தம்பி. ஆராய்ச்சி நிஜமாகவே நடக்கிறது, அதில் பொய்யில்லை. இஞ்சி, எலுமிச்சை, ஜின்செங் போன்றவற்றின் செல்களிலிருந்து கொழுப்பு உறை போர்த்திய நுண்பைகளைப் பிரித்தெடுக்கிறார்கள், இவற்றைத்தான் தாவர எக்ஸோசோம் என்கிறார்கள், உள்ளே புரதமும் ஆர்.என்.ஏ.வும் இருக்கும், ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் நூற்றுக்கணக்கில் வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு பொடிசு. அதனால் முடியின் வேர்க்குழிக்குள் இறங்கி வேலை செய்யும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் இதுவரை பார்த்ததெல்லாம் பெரும்பாலும் ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களிலும் எலிகளிலும்தான். சிரைத்துவிட்ட எலிக்கு முடி முளைப்பது வேறு, டி.எச்.டி. என்ற ஆண் ஹார்மோன் வருஷக்கணக்காக வேரைச் சுருக்கிக்கொண்டிருக்கும் உங்கள் உச்சந்தலை வேறு. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எந்த எக்ஸோசோமையும் இன்னும் மருந்தாக ஏற்கவில்லை. செடி என்றால் பத்திரமா? அரளியும் செடிதான். மேலே தடவும் அழகுசாதனமாகத் தயாரித்ததையே சில இடங்களில் ஊசியில் ஏற்றிவிடுகிறார்கள், அது ஆபத்து.

பணத்தைவிட நாள் போவதுதான் எனக்குக் கவலை. சுருங்கிவரும் வேரை ஓரளவு மீட்கலாம், மூடிப்போன வேருக்கு எந்த மருந்தும் கேட்காது. ஆண் வழுக்கைக்கு மினாக்ஸிடில் 1988-லும் ஃபினாஸ்டிரைடு 1997-லும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்று, இன்றைக்கும் தோல் டாக்டர்கள் எழுதிக்கொடுப்பவை. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போட்டுத் தோல் பிரிவில் காட்டுங்கள். மினாக்ஸிடில் தடவிய முதல் சில வாரம் முடி கூடுதலாகக் கொட்டலாம், பலர் பயந்து அங்கேயே விட்டுவிடுகிறார்கள், நீங்கள் விடாதீர்கள், பலன் தெரிய நாலைந்து மாதம் ஆகும், நிறுத்தினால் வளர்ந்ததும் போய்விடும். ஃபினாஸ்டிரைடு மாத்திரையை டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள், சிலருக்குத் தாம்பத்திய உறவில் சிக்கல் வரும். அம்மாவின் எண்ணெய் பாட்டுக்கு இருக்கட்டும், அது மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

கேள்வி: மகளுக்கு டெங்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. சீப்பில் கொத்துக்கொத்தாக முடி. நானோ சீரம் வாங்கட்டுமா?
- வாசகி, மேலூர்

பதில்: வேண்டாம்மா. கடும் காய்ச்சலுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்து இப்படிக் கொட்டுவது வழக்கம்தான், பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக நின்று திரும்ப முளைக்கும். சீரம் காசில் இரும்புச்சத்தும் தைராய்டும் டெஸ்ட் எடுத்துப் பாருங்கள்.