லீவில் வேலைக்குப் போகும் பையனுக்கு என்ன சொல்லி அனுப்புவது?

16 வயது மகன் ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்கிறான், என்ன சொல்லித்தரலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் நேரக் கணக்கு. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் அதன் 2016 திருத்தமும் சொல்வது இது: 14 முதல் 18 வயது வரையுள்ளவர்களை இரவு 7 முதல் காலை 8 மணிவரை வேலை வாங்கக் கூடாது. 3 மணி நேரத்துக்கு ஒருமுறை 1 மணி நேர ஓய்வு. ஓய்வும் சேர்த்து நாளுக்கு 6 மணி நேரம்தான். ஓவர்டைம் கிடையாது, வாரம் ஒரு நாள் விடுமுறை. பட்டாசு ஆலை, சுரங்க வேலைக்குச் சேர்க்கவே கூடாது.

சட்டத்தைவிடக் கஷ்டம், வாய் திறப்பது. பெரியவர் சொன்னால் ஆடுகிற ஏணியிலும் ஏறிவிடுவான். “அண்ணே, ஏணி ஆடுது, ஒருத்தர் பிடிச்சா ஏறுறேன்” என்று வீட்டிலேயே நாலு தடவை சொல்லிப் பழக்குங்கள். அப்புறம், 1098 எண்ணை அவன் போனில் பதிந்துவையுங்கள். அது சிறார் உதவி எண், அழைக்கக் காசு கிடையாது.